பிள்ளைகளின் பொழுதுபோக்கு ஹலாலான வருமானம் ஆகுமா?

(வெள்ளிமலையில் நடந்த பெற்றோர், மாணவர் சந்திப்பில் நமது அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இன்றைய தலைப்பை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே வாரத்தில் நம் அலுவலகத்துக்கு வந்த இரண்டு பேர்தான் இதைக் கொடுத்தார்கள்.

முதலில் வந்தது ஒரு தாய். கணவர் தையல் கடை வைத்திருக்கிறார். மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். "பாய், என் மகன் இணையத்தில் சொந்தமாக ஒரு தளம் தொடங்கப் போகிறானாம். மாதம் ஐம்பதாயிரம் வருமாம். லேப்டாப் வாங்க நாற்பதாயிரம் அழகிய கடன் கொடுத்தால் ஒரு வருஷத்தில் அடைத்துவிடுவோம்" என்றார். என்ன தளம் என்று கேட்டேன். "பழைய தையல் மெஷின் ரிப்பேர் பற்றியாம். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பைத்தியம்" என்றார். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து ஒரு தகப்பனார் வந்தார். இஷா முடிந்து எல்லோரும் போகும்வரை தூண் ஓரமாகவே நின்றிருந்தார். அவருடைய மகன் "வீட்டிலிருந்தே ஆன்லைன் வேலை" என்று கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி 28,000 ரூபாய் இழந்துவிட்டான். அதில் பாதி, உம்மாவின் கம்மலை அடகு வைத்த பணம். "ஊரில் தெரிந்தால் மானம் போகும். நீங்களே ஏதாவது செய்யுங்கள்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

இரண்டு பேரும் சொன்னது "ஆன்லைனில் சம்பாதிப்பது" என்ற ஒரே வார்த்தையைத்தான். அதில் ஒன்று கதவு, மற்றொன்று கிணறு. பெற்றோர்களாகிய நமக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் பிள்ளைகளுக்கு வழி சொல்ல முடியும். தெரியாவிட்டால் நல்லதைத் தடுத்துவிட்டுக் கெட்டதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருப்போம். அதனால் இந்தச் செய்தியைக் கொஞ்சம் படித்து, விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

கடைத்தெருவுக்கு வழி

மக்காவை விட்டு ஹிஜ்ரத் செய்து வெறுங்கையோடு மதீனா வந்தவர்களில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஒருவர். அவரைச் சகோதரராக ஏற்றுக்கொண்ட மதீனாவாசி ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். இவர் அந்தப் பாதியை வாங்கவில்லை. அவருக்காக பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அன்று பாலாடைக்கட்டியும் நெய்யும் வியாபாரம் செய்து கொஞ்சம் லாபத்தோடு திரும்பினார். பிற்காலத்தில் அவர் எவ்வளவு பெரிய செல்வந்தர் ஆனார் என்பது நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இன்னொரு ஹதீஸும் நீங்கள் கேட்டதுதான். ஒருவர் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் விறகு கட்டி முதுகில் சுமந்து வந்து விற்றுப் பிழைப்பது, மக்களிடம் கையேந்துவதைவிட மேலானது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் வருகிறது. விறகுச் சுமை என்றால் என்னவென்று இந்தக் கல்வராயன் மலையில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மனிதரிடம் இருந்த முதல் ஒரு கயிறுதான். மற்றதெல்லாம் உடல் உழைப்பு.

இணையதளமும் அந்தக் கயிற்றைப் போன்றதுதான். கயிறு இருப்பதால் மட்டும் விறகு வந்து சேராது.

சின்னத் தலைப்பில் ஒரு கடை

சந்தையில் எல்லாச் சாமானும் விற்கின்ற பெரிய கடை இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ஒருவர் சாக்கு விரித்து அரிவாள், கத்தி, களைக்கொத்து மட்டும் வைத்திருப்பார். பெரிய கடைக்காரருக்குத் தெரியாத விஷயம் இவருக்குத் தெரியும். எந்த இரும்பு மழுங்காது, எந்தக் கைப்பிடி வியர்வையில் வழுக்காது என்று சொல்லுவார். அதனால் அரிவாள் வேண்டியவர் அவரைத் தேடித்தான் போவார்.

ஒரு சின்னப் பொருளைப் பற்றி மட்டும் ஆழமாகச் சொல்லும் இணையதளம் அந்தச் சாக்குக் கடையைப் போன்றது. புறா வளர்ப்பு, பழைய நாணயம், மீன் தொட்டி, எம்பிராய்டரி, அத்தர், மலைத் தேன், பழைய ஸ்கூட்டர் என்று தலைப்பு எதுவாகவும் இருக்கலாம். உலகத்தில் எல்லோருக்கும் அது தேவைப்படாது. தேவைப்படுகிறவருக்கு வேறு இடம் கிடையாது. அந்தத் தளத்தின் பலம் அதில்தான் இருக்கிறது.

பொழுதுபோக்காகத் தொடங்கிப் பெரிதான ஒரு தளத்தின் கதை நம் தமிழ்நாட்டோடும் சம்பந்தப்பட்டது. கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகள் அனைவருக்கும் கிரிக்இன்ஃபோ தெரியும். 1993-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சைமன் கிங் என்ற பிரிட்டன் நாட்டுக்காரர் அதைத் தொடங்கினார். அந்தக் காலத்து அமெரிக்காவில் கிரிக்கெட் ஸ்கோர் தெரிந்துகொள்வது பெரும்பாடு. பத்திரிகையில் வராது, தொலைக்காட்சியில் காட்டமாட்டார்கள். அங்கே படிக்கப் போயிருந்த இந்திய, பாகிஸ்தான், இலங்கை மாணவர்கள் ஸ்கோருக்காக ஏங்கிக் கிடந்தார்கள். அந்த ஏக்கம்தான் முதல் முதலீடு. ஒருவர் ஆட்டத்தைப் பார்த்து அல்லது வானொலியில் கேட்டுத் தட்டச்சு செய்வார், மற்றவர்கள் படிப்பார்கள். சம்பளம் கிடையாது. பழைய ஆட்டங்களின் ஸ்கோர் அட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து சேர்த்தார்கள்.

அவர்களோடு சேர்ந்து உழைத்தவர்களில் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த பத்ரி சேஷாத்ரி ஒருவர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். பிறகு சென்னைக்குத் திரும்பி அந்த நிறுவனத்தின் இந்தியப் பணிகளை நடத்தினார். விளம்பரம் வந்தது, பணம் வந்தது. 2000-ஆம் ஆண்டில் அதன் மதிப்பு 15 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டே உலகம் முழுவதும் இணைய நிறுவனங்கள் சரிந்தபோது அதற்கும் பெரிய நெருக்கடி வந்தது. 2003-இல் விஸ்டன் நிறுவனத்தின் கைக்கும், 2007-இல் ஈ.எஸ்.பி.என். கைக்கும் மாறியது. பத்ரி 2004-இல் சென்னையில் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கப் போய்விட்டார்.

இதில் நமக்கு மூன்று பாடம் இருக்கிறது. முதலாவது, அவர்கள் தொடங்கும்போது பணத்தை எண்ணித் தொடங்கவில்லை. தங்களுக்கே தேவைப்பட்ட ஒன்றைச் செய்தார்கள். இரண்டாவது, அந்த ஸ்கோர் அட்டைகளை அவர்களே உழைத்துச் சேர்த்து வைத்தார்கள். அதனால்தான் அதற்கு விலை வந்தது. மூன்றாவது, விளம்பரப் பணம் மழைத் தண்ணீர் மாதிரி. கோமுகி அணை நிரம்புகிற வருஷமும் உண்டு, தரை தெரிகிற வருஷமும் உண்டு. அதை நம்பிச் செலவைக் கூட்டியவர்கள்தான் சிரமப்பட்டார்கள்.

நம் பிள்ளைகள் உடனே சொல்வது வேறொரு உதாரணம். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் 2018-இல் வயல்வெளியில் சமைத்து வீடியோ போடத் தொடங்கினார்கள். வில்லேஜ் குக்கிங் சேனல். 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். அந்த மகிழ்ச்சியில் முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். மாஷா அல்லாஹ், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பிள்ளைகளே, அவர்களுக்குப் பிறகு காட்டில் அடுப்பு மூட்டி வீடியோ போட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஒருவருக்கு அல்லாஹ் கொடுத்த ரிஜ்கைப் பார்த்து அதே அளவு நமக்கும் வரும் என்று கணக்குப் போடுவதும், அந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்குவதும் புத்திசாலித்தனம் ஆகாது.

பணம் எப்படி வருகிறது

அந்தத் தாய் சொன்ன ஐம்பதாயிரத்துக்கு வருவோம்.

ஒரு தளத்துக்குச் செலவு பெரிதில்லை. தளத்தின் பெயரைப் பதிவு செய்ய ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். அதை வைப்பதற்கான இடத்துக்குத் தனி வாடகை. சில இடங்களில் தொடக்கத்தில் இலவசமாகவும் கிடைக்கும். ஆக, கயிறு மலிவுதான்.

வரவு நான்கு வழிகளில் வரலாம். முதல் வழி விளம்பரம். கூகுளின் ஆட்சென்ஸ் 2003-இல் தொடங்கியது. 2018 பிப்ரவரியிலிருந்து தமிழ்ப் பக்கங்களுக்கும் அது கிடைக்கிறது. நம் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் வைப்பார்கள், வருகிற பணத்தில் நமக்கு ஒரு பங்கு. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். கணக்கில் நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். சேருவதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு கணக்குப் பார்ப்போம், உதாரணத்துக்கு மட்டும். ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் நாற்பது ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் ஐந்நூறு முறை பார்க்கிறார்கள். மாதத்துக்குப் பதினைந்தாயிரம். வருமானம் 600 ரூபாய். நூறு டாலர் சேர்வதற்கே பதினான்கு, பதினைந்து மாதம் ஆகும். தினம் ஐந்நூறு பேரை வரவழைக்கும் நிலைக்கு வருவதற்கே ஒன்றிரண்டு வருஷம் உழைக்க வேண்டியிருக்கும். ஐம்பதாயிரம் எங்கே, அறுநூறு எங்கே?

இப்போது இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. ஒருவர் கேள்வியைத் தட்டினால் தேடுபொறியே செயற்கை நுண்ணறிவை வைத்து மேலேயே பதில் எழுதிக் காட்டிவிடுகிறது. பலர் தளத்துக்குள் வருவதே இல்லை. ஆகையால் நான்கு இடத்தில் இருப்பதைச் சேர்த்து எழுதுகிற தளத்துக்கு இனி மரியாதை இல்லை. தன் கையால் செய்து பார்த்தது, தன் கண்ணால் கண்டது, தான் எடுத்த படம், இவற்றுக்குத்தான் மதிப்பு.

இரண்டாவது வழி, மற்றவருடைய பொருளை விற்றுக் கொடுத்துக் கமிஷன் பெறுவது. மூன்றாவது, தன் பொருளையே விற்பது. நான்காவது, தன் திறமைக்குக் கூலி வாங்குவது, அதாவது பயிற்சி கொடுப்பது, ரிப்பேர் செய்வது, ஆலோசனை சொல்வது. நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்குக் கடைசி இரண்டும்தான் உறுதியானவை என்பது என் கருத்து. தளம் கடையின் பெயர்ப்பலகையாக இருக்கட்டும். பணம் கைத்தொழிலிலிருந்து வரட்டும்.

இங்கே என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். சாமையும் தேனும் கடுக்காயும் புளியும் இந்த மலையில் விளைகின்றன. கீழே சின்னசேலம் பக்கம் மரவள்ளியும் ஜவ்வரிசியும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேகம் அருவியைப் பார்க்க எத்தனையோ ஊர்களிலிருந்து வருகிறார்கள். எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்தப் பாறை வழுக்கும் என்று இங்கே பிறந்தவருக்குத்தான் தெரியும். ஆனால் மலைவாழ் மக்களின் மருந்து அறிவையும் அவர்களின் படங்களையும் கேட்காமல் எடுத்துப் போட்டு நாம் காசு பார்ப்பது தகாது. அவர்கள் நம் அண்டை வீட்டார். அனுமதி கேட்க வேண்டும், பலனில் பங்கு கொடுக்க வேண்டும். தேனோ மாவோ விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்ய வேண்டும்.

ஹலாலின் எல்லைகள்

இமாம் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் இந்தப் பகுதியைச் சொல்கிறேன்.

விளம்பர வருமானத்தை மொத்தமாக ஹராம் என்று ஒதுக்கவும் முடியாது, மொத்தமாக ஹலால் என்று கண்ணை மூடவும் முடியாது. எதற்கு விளம்பரம் என்பதைப் பொறுத்தது. வட்டிக் கடன், மது, சூதாட்டம், ஆபாசம் ஆகியவற்றுக்கு நம் சுவரை வாடகைக்கு விடமாட்டோம் அல்லவா? தளமும் நம் சுவர்தான். ஆட்சென்ஸில் சூதாட்டம், மது போன்ற வகைகளை வேண்டாம் என்று நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. தளம் திறந்த அன்றே அதைச் செய்துவிட வேண்டும். அப்படியும் தப்பித் தவறி ஏதாவது வந்தால் அதைக் கண்டறிந்து தடுக்க வேண்டும். அதனால் வந்த பணத்தை நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஹஜ்ரத் சொன்னார்கள். பணம் கட்டி விளையாடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே நிறைவேற்றியிருக்கிறது. இதில் மார்க்கமும் சட்டமும் ஒரே பக்கம்.

அடுத்தது, பொய். ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். முஸ்லிமில் இடம்பெற்ற ஹதீஸ் இது. தானே பயன்படுத்தாத பொருளைப் "பிரமாதம்" என்று எழுதிக் கமிஷன் வாங்குவது நனைந்த தானியத்தை அடியில் வைப்பதுதான். கமிஷன் கிடைக்கிறது என்றால் கிடைக்கிறது என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்குத் துணை போகிறவருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

மற்றவர் எழுதியதையும் எடுத்த படத்தையும் திருடிப் போடுவது திருட்டு. நண்பர்களைக் கூப்பிட்டு, "என் பக்கத்து விளம்பரத்தைத் தினம் நான்கு தடவை அழுத்துடா" என்பது விளம்பரம் கொடுத்தவரை ஏமாற்றுவது. இதற்காகவே கணக்கை முடக்கிவிடுவார்கள். துன்யாவிலும் நஷ்டம், ஆகிரத்திலும் கேள்வி.

சேமித்த வருமானம் நிஸாபை அடைந்து ஒரு வருஷம் பூர்த்தியானால் இரண்டரை சதவீதம் ஜகாத். உழைக்கும் கருவியான லேப்டாப்புக்கு ஜகாத் இல்லை, கையில் நிற்கும் பணத்துக்கு உண்டு. வருமான வரிக் கணக்கிலும் மறைக்காமல் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் காசாக்கவும் வேண்டாம். 1998 பொங்கல் அன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற தமிழர் மதுரைத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கினார். தமிழ் இலக்கியங்களைத் தொண்டர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைக்கிறார்கள். நம் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும் அங்கே படிக்கலாம். பயன் தருகின்ற கல்வியை விட்டுச் செல்வது மரணத்துக்குப் பின்னும் தொடரும் நன்மை என்று நாம் படித்திருக்கிறோம். சம்பாதிக்கும் தளத்திலும் ஒரு பகுதி அப்படி இருக்கட்டும்.

கிணறு எப்படி இருக்கும்

இனி அந்த 28,000 ரூபாய். அந்தப் பிள்ளையை உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் சில வீடியோக்களுக்கு விருப்பக்குறி போடச் சொன்னார்களாம். அன்றே 150 ரூபாய் அவன் கணக்கில் விழுந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு "பெரிய வேலை வேண்டுமானால் முன்பணம் கட்டு" என்றார்கள். இரண்டாயிரம் கட்டினான். திரையில் நான்காயிரம் என்று காட்டியது. எடுக்கப் போனால், "இன்னும் எட்டாயிரம் கட்டினால்தான் திறக்கும்." விட்டதைப் பிடிக்கப் போய்க் கம்மல் போயிற்று.

நான் முதலில் கேட்டது, "ஏன்டா தம்பி, அத்தாவிடம் முன்னாலேயே சொல்லவில்லை?" என்று. "அத்தா அடிப்பாங்கன்னு பயந்துட்டேன்" என்றான். தகப்பன்மார்களே, அந்தப் பதிலை யோசித்துப் பாருங்கள். இரண்டாயிரத்தோடு நின்றிருக்க வேண்டிய நஷ்டம் இருபத்தெட்டாயிரம் ஆனதில் நம் கோபத்துக்கும் பங்கு இருக்கிறது.

அடையாளம் எளிது. வேலை கொடுப்பவர் வேலை செய்பவருக்குத்தான் பணம் தருவார். வேலை தருவதற்கு நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை அல்ல. உண்மையான விளம்பர நிறுவனம் சேருவதற்குக் காசு வாங்குவதில்லை என்று முன்னே குறித்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா, அது இதற்காகத்தான். "ஒரே மாதத்தில் இணையத்தில் லட்சம் சம்பாதிக்கக் கற்றுத் தருகிறோம்" என்று பல்லாயிரம் கட்டணம் கேட்கும் வகுப்புகளிலும் ஜாக்கிரதையாக இருங்கள். ஓ.டி.பி.யையும் வங்கிக் கணக்கையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். கணக்கை "வாடகைக்கு" கொடுத்த பிள்ளைகள் மீதே வழக்கு வருகிறது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் பதிவு செய்திருக்கிறோம். பணம் திரும்பவில்லை. துஆ செய்யுங்கள்.

அந்தத் தாய்க்குச் சொன்ன பதில்

அவர் மகனை நோட்டுப் புத்தகத்தோடு வரச் சொன்னேன். நான் சிரித்ததற்கு வெட்கப்பட்டது அப்போதுதான். அறுபது மெஷின்களின் கோளாறுகளைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தான். நூல் அறுந்தால் முதலில் எதைப் பார்ப்பது, ஊசி திரும்பிப் போட்டிருக்கிறதா, பாபின் கேஸில் பஞ்சு அடைத்திருக்கிறதா, மேல் நூல் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கிறதா, பல் தேய்ந்தால் துணி ஏன் நகராது, எல்லாவற்றையும் படம் வரைந்து வைத்திருந்தான். எந்தக் கடையிலும் விற்காத சரக்கு அது.

அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் வாங்கிய பெண்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள். நம் மலைக் கிராமங்களில் ஒரு மெஷின் நின்றுவிட்டால் கீழேயிருந்து மெக்கானிக் வர வேண்டும், அல்லது மெஷினைப் பேருந்தில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போக வேண்டும். அதற்குள் பெருநாள் தையல் கைநழுவிப் போகும். கேட்பவர் இருக்கிறார்கள், சொல்பவர் இல்லை. சின்னத் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டுமா?

இருந்தாலும் நிர்வாகக் குழு நாற்பதாயிரம் தரவில்லை. குழுவின் முடிவை எல்லோருக்கும் பொதுவான விதியாகச் சொல்லிவிடுகிறேன். இனி இப்படிக் கேட்டு வரும் பிள்ளைகளுக்கும் இதுதான்.

முதலாவது, கையில் இருக்கும் கைப்பேசியிலேயே தொடங்கி, முப்பது பக்கம் எழுதிக் காட்ட வேண்டும். பொழுதுபோக்கு உண்மையானதா, மூன்று வார வேகமா என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டாவது, எழுதி முடித்தால் பழைய லேப்டாப் வாங்க 15,000 ரூபாய் அழகிய கடன். மாதம் 750 வீதம் இருபது மாதத்தில் திருப்பித் தர வேண்டும். தவணையைத் தளத்தின் வருமானத்திலிருந்து கட்டுவதாகக் கணக்குப் போடக் கூடாது, தற்போதைய கைத்தொழிலிலிருந்து கட்ட முடிகிறவருக்குத்தான் கடன். மூன்றாவது, இது ஜகாத் நிதியிலிருந்து அல்ல. ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்பதை அல்லாஹ்வே வகுத்துவிட்டான், அதில் கை வைக்கமாட்டோம். பொது நன்கொடை நிதியிலிருந்துதான். அது உங்கள் பணம் என்பதால்தான் இவ்வளவு விசாரிக்கிறோம். நான்காவது, படிப்பும் தொழுகையும் குறையக் கூடாது. இரவு ஒரு மணி வரை திரையைப் பார்த்துவிட்டு ஃபஜ்ரைத் தவறவிட்டுச் சம்பாதிக்கும் காசில் என்ன பரக்கத் இருக்கும்?

அந்தத் தாய்க்கு முதலில் வருத்தம்தான். மகன் வருத்தப்படவில்லை. இன்றைய தேதிவரை பதினொரு பக்கம் எழுதியிருக்கிறான். ஒரு ரூபாய்கூட வரவில்லை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் போன வாரம் வேறு மாவட்டத்திலிருந்து ஒரு பெண்மணி அவன் கடைக்குப் போன் செய்தார். ஆறு மாதமாகக் கிடந்த மெஷின் அவன் எழுதியதைப் பார்த்து ஓடிவிட்டதாம். "உனக்கு என்ன தம்பி தரணும்?" என்று கேட்டிருக்கிறார். இவன் "துஆ செய்யுங்கம்மா" என்றிருக்கிறான். அவன் அத்தா அன்று மாலை என்னிடம் வந்து, "பாய், இவன் பொழுதை வீணாக்குகிறான் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்" என்றார். அவர் மட்டுமா திட்டினார்? நாமெல்லோரும்தான்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளை எதில் பொழுதைப் போக்குகிறான், மகள் எதை ஆசையாகச் செய்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "இதில் எவ்வளவு வரும்?" என்று கேட்காதீர்கள். "இதில் உனக்கு என்ன தெரியும், காட்டு பார்க்கலாம்" என்று கேளுங்கள். யாராவது பணம் கட்டச் சொன்னார்களா என்பதையும் கேளுங்கள். அடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஜ்கையும் தருவாயாக. ஏமாந்தவர்களின் இழப்பை ஈடு செய்வாயாக. ஏமாற்றுகிறவர்களிடமிருந்தும், நாங்களே ஏமாற்றுகிறவர்களாக ஆகிவிடுவதிலிருந்தும் எங்களைக் காப்பாயாக. ஆமீன்.

வஆகிரு தஅவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.